உயிரின் உருவமும் ஒரு சிட்டிகை உப்பும்

அடைவைக்கப்போகும் கோழி முட்டையொன்றை உடைத்துப் பார்த்தால் அதனுள்ளே தலையையும் காணோம், காலையும் காணோம். வெண்கருவும் மஞ்சட் கருவுமே தென்படுகின்றன. ஆயினும் இருபத்தொரு நாள் கழிந்தபின் அத்தகைய முட்டையொன்றின் ஓட்டை உடைத்துக்கொண்டு, அலகும் கண்ணும் சிறகும் காலும் பொருந்திய குஞ்சொன்று வெளிவருகின்றது. அலகு இருக்கவேண்டிய இடத்தில் அலகே இருக்கின்றது. கால் இருக்கவேண்டிய இடத்தில் காலே இருக்கின்றது. ஒரே முட்டையிலிருந்து பிரிந்து பெருகிய கலங்களில், 'நான் தலையாக வேண்டியவன்' என்று ஒன்றுக்கும், 'நான் காலாக வேண்டியவன்' என்று மற்றொன்றுக்கும் யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

இக்கேள்விக்கு விடைதேடிய அறிஞர்கள் கையாண்ட வழிகளில் ஒன்றையே இன்று உங்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகின்றேன். மிக எளிய உடலமைப்புக் கொண்ட சிறு பிராணிகளை எடுத்து, அவை வாழும் நீரிலே ஏதேனும் ஓர் இரசாயனப் பொருளைச் சிறிதளவு கலந்து, அவற்றின் உடலமைப்பு எவ்வாறு மாறுகின்றது எனக் கவனித்தலே அவ்வழியாகும். கேட்பதற்கு இது விளையாட்டுப் போலத் தோன்றலாம். ஆனால் கருவுற்ற தாய்மார் உட்கொள்ளும் மருந்துகள் பற்றிய மிகப் பெரிய கேள்வியோடு இவ்வாராய்ச்சி தொடர்புடையது என்பதை இப்பேச்சின் பிற்பகுதியிலே காண்போம்.

பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஐரோப்பிய அறிஞர் பலர் நாம் எழுப்பிய கேள்விக்கு எளிதான விடையொன்றைக் கூறினர். முழு உருவமும் முட்டையினுள்ளேயோ விந்தினுள்ளேயோ மிகச் சிறிய அளவிலே முன்னரே மடிந்து கிடக்கின்றது என்றும், வளர்ச்சி என்பது அது விரிந்து பெருப்பதேயன்றி வேறில்லை என்றும் அவர்கள் கருதினர். 1694ஆம் ஆண்டில் நிக்கொலாஸ் ஹாற்சூக்கர் என்னும் ஒல்லாந்து நாட்டவர், விந்தின் தலைக்குள்ளே முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருக்கும் ஒரு குட்டி மனிதனைப் படமாகவே வரைந்து வெளியிட்டார்.

இக்கொள்கைக்குப் பெரும் அதிர்ச்சியாக வந்து சேர்ந்தது குளத்து நீரில் வாழும் ஓர் அற்பப் பிராணி. அதன் பெயர் ஐதரா. பாடசாலையிலே விலங்கியல் கற்றவர்கள் அதன் படத்தைத் தம் நூலிலே கண்டிருப்பார்கள். ஒரு சென்ரிமீற்றருக்கு மேற்படாத மெல்லிய குழாய் போன்றது அதன் உடல். குழாயின் ஒரு நுனியில் வாய். வாயைச் சுற்றி நூல்போன்ற சில பரிசக்கொம்புகள். மறு நுனி நீர்த்தாவரத்தின் இலையிலே ஒட்டிக்கொள்ளும் பாதம். குழாயின் சுவரில் இரண்டே இரண்டு கலப்படைகள். மூளை இல்லை, இருதயம் இல்லை, எலும்பு இல்லை. தலை, உடல், பாதம் என்ற மூன்று பகுதிகளோடு அதன் உடலமைப்பு முடிந்துவிடுகின்றது.

ஜெனீவா நகரிலே பிறந்து, ஒல்லாந்திலே ஒரு பிரபுவின் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்த ஏபிரகாம் திரெம்பிளே என்பவர் 1740ஆம் ஆண்டில் இப்பிராணியை இரண்டாக வெட்டினார். சில நாள்களில் மேற்பாதி தனக்கொரு பாதத்தையும், கீழ்ப்பாதி தனக்கொரு தலையையும் வளர்த்துக்கொண்டன. ஒன்று இரண்டாயிற்று. 1744இல் அவர் வெளியிட்ட நூல் ஐரோப்பாவெங்கும் வியப்பை உண்டாக்கியது. குட்டி உருவமொன்று முட்டையிலே மடிந்து கிடந்ததென்றால், வெட்டுண்ட துண்டொன்றிலே அது எங்கிருந்து வந்தது? உருவம் என்பது ஒளித்துவைக்கப்பட்ட பொருளன்று, உருவாக்கப்படும் பொருள் என்ற எண்ணத்துக்கு இங்கேதான் வலுவான சான்று கிடைத்தது.

அறிஞர்கள் எளிய பிராணிகளை நாடியதற்குக் காரணம் இதுவே. மனிதக் குழந்தையின் உடல் தாயின் வயிற்றிலே, கண்ணுக்கு மறைவாக, எத்தனையோ நிகழ்ச்சிகள் ஒருங்கே நடைபெற அமைகின்றது. ஐதராவிலோ கண்ணெதிரே, கண்ணாடிக் கிண்ணத்திலே, தலை, பாதம் என்ற ஒரே கேள்வி மட்டும் எஞ்சி நிற்கின்றது. சிக்கலான கணக்கைக் கற்பிக்குமுன் கூட்டலையும் கழித்தலையும் கற்பிப்பது போன்றதே இது.

இனி, இரசாயனப் பொருள்கள் இவ்வாராய்ச்சிக்குள் நுழைந்த கதைக்கு வருவோம்.

ஜேர்மனியரான கூர்ற் ஹேர்ப்ஸ்ற் என்பவர் கடல் முள்ளெலியின் முட்டைகளை ஆராய்ந்தார். கடற் பாறைகளிலே உருண்டையாய், உடல் முழுவதும் முட்கள் நிறைந்து காணப்படும் பிராணி அது. அதன் முட்டை ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு அளவினது. கருக்கட்டலும் வளர்ச்சியும் தாயின் உடலுக்கு வெளியே, கடல் நீரிலேயே நடைபெறுகின்றன. முளையமோ கண்ணாடி போலத் தெளிவானது. அதிலே நடப்பதை நுணுக்குக்காட்டியின் கீழே மணிக்கு மணி பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்த முட்டைக்கு மேல்முனை, கீழ்முனை என இரு முனைகள் உண்டு. இயல்பான வளர்ச்சியிலே மேற்பகுதிக் கலங்கள் தோலாகின்றன. கீழ்ப்பகுதிக் கலங்கள் உள்நோக்கி மடிந்து உணவுக்கால்வாயாகவும் எலும்புக்கூட்டுக் கம்பிகளாகவும் அமைகின்றன. சில நாள்களிலே நீந்தித் திரியும் குடம்பி உருவாகிவிடும்.

ஹேர்ப்ஸ்ற், முட்டைகள் வளரும் கடல் நீரின் உப்புக்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். 1892ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி முடிவுகளில் ஒன்று எவரும் எதிர்பாராதது. இலிதியம் என்னும் இலேசான உலோகத்தின் உப்பைச் சிறிதளவு சேர்த்தபோது, முளையத்தின் உணவுக்கால்வாய் உள்நோக்கி மடிவதற்குப் பதிலாக வெளிநோக்கிப் பிதுங்கி வளர்ந்தது. சட்டைக் கையை உட்புறம் வெளியே வரும்படி இழுத்துவிட்டாற் போன்ற தோற்றம் அது. அதுமட்டுமன்று, உணவுக்கால்வாயாக மாறிய பகுதி இயல்பான அளவைவிடப் பெரிதாகவும், தோலாகிய பகுதி சிறிதாகவும் இருந்தன. தோலாக வேண்டிய கலங்கள் பல குடலாகிவிட்டன என்பதே இதன் பொருள்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். உப்பு அந்த முளையத்தைக் கொல்லவில்லை. வெறுமனே ஊனமாக்கவும் இல்லை. தோலும் தோலாகவே இருந்தது, குடலும் குடலாகவே இருந்தது. இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு மட்டும் மேல்நோக்கி நகர்ந்திருந்தது. காணிக்குள் இருந்த வேலியை யாரோ இரவோடிரவாகப் பிடுங்கி அப்பால் நட்டதுபோல் ஆயிற்று. பிற்காலத்திலே தயோசயனேற்று, நாகம் ஆகியவற்றின் உப்புக்கள் இவ்வேலியை எதிர்த்திசையிலே நகர்த்துவதும் அறியப்பட்டது. அவற்றிலே வளர்ந்த முளையங்களில் குடல் குறுகித் தோற்பகுதி மிகுந்தது. சுவீடன் நாட்டு அறிஞர்களான றுன்ஸ்றொம், ஹோர்ஸ்ராடியுஸ் ஆகியோர், மேல்முனையிலிருந்து ஒன்றும் கீழ்முனையிலிருந்து மற்றொன்றுமாக இரு ஆற்றல்கள் படிப்படியாகக் குறைந்து செல்கின்றன என்றும், அவற்றின் சமநிலையே எல்லையை வகுக்கின்றது என்றும் விளக்கினர். ஆனால் அந்த ஆற்றல்கள் எவ்வகைப் பொருள்கள் என்பதை எவராலும் கூற இயலவில்லை. இலிதியத்தின் புதிர் நூறாண்டுக்கு மேலாக அவிழாமலே கிடந்தது.

இதற்கிடையே அமெரிக்காவிலே, சிக்காக்கோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் மானிங் சைல்ட் என்பவர் வேறொரு பிராணியை எடுத்துக்கொண்டார். பிளனேரியா எனப்படும் தட்டைப்புழு அது. அம்புமுனை போன்ற தலையும் இரு கண் புள்ளிகளும் உடைய இப்புழுவும் துண்டாடப்பட்டால் ஒவ்வொரு துண்டிலிருந்தும் முழுவுடலைத் தோற்றுவிக்கும் வல்லமை பெற்றது. சைல்ட் இப்புழுக்களைப் பொற்றாசியம் சயனைட்டு என்னும் நஞ்சின் மிக ஐதான கரைசலிலே இட்டார். புழு முழுவதும் ஒரே நேரத்தில் அழியவில்லை. முதலில் தலை சிதைந்தது. பின்னர் அச்சிதைவு படிப்படியாகப் பின்நோக்கிச் சென்றது. தலையிலிருந்து வாலை நோக்கி உயிர்ச்செயலின் வேகம் குறைந்துகொண்டு செல்கின்றது என்றும், இந்தப் படித்திறனே உடலின் அமைப்பை வகுக்கின்றது என்றும் அவர் முடிவு கட்டினார்.

படித்திறன் என்ற எண்ணம் பயனுள்ளதாகவே நிலைத்தது. ஆயினும் சைல்டின் முறையிலே ஒரு குறையுண்டு என்பதைப் பிறர் எடுத்துக் காட்டினர். நஞ்சு தலையை முதலில் அழிக்கின்றது என்பது, தலை நஞ்சுக்கு எளிதில் இரையாகின்றது என்பதையே காட்டும். தலை தலையானதற்கு அதுவே காரணம் என்பதைக் காட்டாது. புயலிலே முதலில் முறிந்தது முருங்கை என்பதால், முருங்கையை முருங்கையாக்கியது புயல் என்று சொல்லிவிடலாமா? இரசாயனப் பொருள்களைக் கொண்டு உயிரை ஆராய்பவர் எவரும் மறக்கக்கூடாத எச்சரிக்கை இது.

இந்த எச்சரிக்கையை நன்குணர்ந்து செய்யப்பட்ட பரிசோதனையொன்றை அடுத்துக் கூறுகின்றேன். அதிலே பயன்பட்ட பொருள் நமக்கு அந்நியமானதன்று. நம் வேலிகளிலும் பற்றைகளிலும் மழைக்காலத்திலே செம்மஞ்சட் சுடர்போல மலர்ந்து நிற்கும் கார்த்திகைப் பூவை யாவரும் அறிவர். அதன் கிழங்கு கொடிய நஞ்சென்பதையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர். அந்நஞ்சுக்குக் காரணமான பொருள்களில் முதன்மையானது கொல்சிசின். கலங்கள் இரண்டாகப் பிரியும்போது நிறமூர்த்தங்களை இழுத்துப் பங்கிடும் நுண்ணிய இழைகளை அது அமையவிடாது தடுக்கின்றது. ஆகவே கலப்பிரிவு நின்றுவிடுகின்றது.

ஐதராவின் உடலிலே நரம்புக் கலங்கள் வலைபோலப் பரந்துள்ளன. தலைப்பகுதியிலே அவை செறிவாக உள்ளன. ஆகவே உடலின் அமைப்பை வகுப்பவை நரம்புகளே எனப் பலர் நம்பியிருந்தனர். கலிபோர்னியாவைச் சேர்ந்த றிச்சட் கம்பெல் 1976இல் ஐதராக்களைக் கொல்சிசின் கரைசலிலே சிறிது நேரம் வைத்து எடுத்தார். ஓயாது பிரிந்து நரம்புக் கலங்களையும் கொட்டும் கலங்களையும் உண்டாக்கும் மூலக் கலங்கள் இதனால் அழிந்தன. நாளடைவில் நரம்பே இல்லாத ஐதராக்கள் கிடைத்தன. அவற்றுக்கு இரையைப் பிடிக்கத் தெரியாது. உணவை ஆராய்ச்சியாளரே வாய்க்குள் ஊட்டிவிட வேண்டும். ஆயினும் ஊட்டி வளர்த்தபோது அவை வளர்ந்தன. அரும்பு விட்டு இனம் பெருக்கின. வெட்டியபோது தலையையும் பாதத்தையும் சரியான இடத்திலேயே மீண்டும் அமைத்துக்கொண்டன. 1978இல் மாக்கம் என்பவரும் கம்பெலும் இதனை விரிவாக எடுத்துக்காட்டினர். எனவே தலை எங்கே, பாதம் எங்கே என்று தீர்மானிப்பதற்கு நரம்பு இன்றியமையாததன்று. அந்த அறிவு சுவரின் சாதாரணக் கலங்களிடையே உள்ளது.

வீட்டின் மின்சாரக் கம்பிகள் எவ்வழி ஓடுகின்றன என்று தெரியாதவன், ஒவ்வோர் உருகியாகக் கழற்றி, எந்த விளக்கு அணைகின்றது என்று பார்ப்பதுண்டு. கொல்சிசின் இங்கே அவ்வாறே பயன்பட்டது. உருகியைக் கழற்றியும் விளக்கு எரிந்தமையால், அவ்விளக்குக்குக் கம்பி அவ்வழியே செல்லவில்லை என்று தெரியவந்தது.

அப்படியாயின் அச்செய்தியைக் கொண்டுசெல்வது எது? 1909ஆம் ஆண்டிலே எதெல் பிறவுண் என்னும் அமெரிக்கப் பெண்மணி, ஓர் ஐதராவின் வாய்ப்பகுதியிலிருந்து சிறு துண்டொன்றை வெட்டி மற்றோர் ஐதராவின் உடற்சுவரிலே ஒட்டிவைத்திருந்தார். ஒட்டிய இடத்திலே புதிய தலையும் உடலும் முளைத்தன. பச்சை நிற ஐதராவையும் வெண்ணிற ஐதராவையும் சேர்த்து ஒட்டியதால், அந்தப் புதிய உடலிலே பெரும்பங்கு ஒட்டிய துண்டினதன்று, ஏற்றுக்கொண்ட ஐதராவினது என்பதை நிறத்தைக் கொண்டே அவர் காட்டிவிட்டார். அச்சிறு துண்டு அயலிலுள்ள கலங்களுக்கு ஏதோ ஓர் ஆணையைப் பிறப்பிக்கின்றது. 1952இல் ஆங்கிலக் கணித மேதை அலன் ரியூறிங், வெவ்வேறு வேகத்திலே பரவும் இரு இரசாயனப் பொருள்கள் ஒன்றோடொன்று வினைபுரிவதாற் கோலங்கள் தாமாகவே தோன்றக்கூடும் எனக் கணித வழியாகக் காட்டி, ஐதராவின் பரிசக்கொம்புகளையும் ஓர் எடுத்துக்காட்டாகக் குறித்தார். ஆணை பிறப்பிக்கும் பொருளின் பெயர் மட்டும் தெரியாதிருந்தது.

அதைத் தெரிவித்தது ஹேர்ப்ஸ்ற் கையாண்ட அதே இலிதியம்.

1949இல் அவுஸ்திரேலிய வைத்தியரான ஜோன் கேட் என்பவர், அளவுகடந்த மனக்கிளர்ச்சியால் அல்லலுறும் நோயாளர்களுக்கு இலிதிய உப்பு நிவாரணம் அளிப்பதைக் கண்டு வெளியிட்டார். அம்மருந்து இன்றும் உலகெங்கும் வழங்கப்படுகின்றது. அது மூளையிலே என்ன செய்கின்றது என்று தேடியவர்களும், முளையத்திலே என்ன செய்கின்றது என்று தேடியவர்களும் ஓரிடத்திலே சந்தித்தனர். இலிதியம் இனோசிற்றோல் என்னும் பொருளோடு தொடர்புடைய ஒரு நொதியத்தைத் தடுக்கின்றது என்பது முன்னரே தெரிந்திருந்தது. ஆகவே முளையத்தின் மாற்றத்துக்கும் அதுவே காரணம் எனப் பலர் எண்ணினர். 1996இல் பீற்றர் கிளைன், டக்ளஸ் மெல்ற்றன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் அதனைச் சோதித்தனர். அதே நொதியத்தைத் தடுக்கும் வேறொரு பொருளைத் தவளை முளையத்துக்குக் கொடுத்தபோது உடலமைப்பிலே மாற்றமெதுவும் உண்டாகவில்லை. ஆகவே குற்றவாளி வேறெங்கோ இருத்தல் வேண்டும். ஜீ.எஸ்.கே. மூன்று எனச் சுருக்கமாக அழைக்கப்படும் மற்றொரு நொதியத்தையும் இலிதியம் தடுக்கின்றது என்றும், உடலமைப்பு மாறுவதற்கு இதுவே ஏற்ற விளக்கம் என்றும் அவர்கள் கண்டனர்.

இந்நொதியத்தின் தொழிலை ஓர் உவமையாற் கூறலாம். ஒரு கந்தோரின் வாசலிலே காவற்காரன் ஒருவன் நிற்கின்றான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே செல்லவேண்டிய கடிதங்களை அவன் ஓயாது கிழித்தெறிந்துகொண்டே இருக்கின்றான். மேலிடத்திலிருந்து ஒரு சைகை வந்தால் மட்டும் கிழிப்பதை நிறுத்துவான். அப்போது கடிதங்கள் குவிந்து அதிகாரியின் மேசையைச் சென்றடையும். கலத்திலே அக்கடிதம் பீற்றா கற்றெனின் என்னும் புரதம். அதிகாரியின் மேசை கலத்தின் கரு. கிழிக்கும் காவற்காரன் ஜீ.எஸ்.கே. மூன்று என்னும் நொதியம். மேலிடத்துச் சைகை அயற்கலங்கள் அனுப்பும் வின்ற் என்னும் புரதம். இலிதியம் சைகை வராமலே காவற்காரனின் கையைக் கட்டிவிடுகின்றது. கடிதம் உட்சென்று உரிய பரம்பரையலகுகளை எழுப்பிவிடுகின்றது.

1998இல் அத்துல விக்கிரமநாயக்க என்னும், நம் செவிக்குப் பழக்கமான பெயருடைய அறிஞரும் அவருடைய துணைவரும் கடல் முள்ளெலியிலே பீற்றா கற்றெனின் இன்றேல் மேல்கீழ் அமைப்பே உண்டாகாது என்பதைக் காட்டினர். அதன் செயலைத் தடுத்தபோது குடலே தோன்றாது முளையம் வெறும் தோற்பந்தாக நின்றது. அடுத்த ஆண்டில், இயல்பான முளையத்திலே கீழ்ப்பகுதிக் கலங்களின் கருக்களிலேயே அப்புரதம் சேர்கின்றது என்பதும், இலிதியம் இட்டால் அது சேரும் பகுதி விரிவடைகின்றது என்பதும் புலப்பட்டன. ஹேர்ப்ஸ்ற் 1892இல் கண்ட வேலி நகர்ந்த காரணம் இவ்வாறு 107 ஆண்டுகளின் பின்னர் விளங்கிற்று.

ஐதராவிலும் அதே கதைதான். 2000ஆம் ஆண்டில் ஹொப்மயரும் அவருடைய துணைவரும், வின்ற் புரதத்துக்குரிய பரம்பரையலகு ஐதராவின் தலை நுனியிலே விழித்திருப்பதைக் கண்டனர். பின்னர் 2005இல் கலிபோர்னிய அறிஞர் சிலர், ஜீ.எஸ்.கே. மூன்றைத் தடுப்பதற்கென ஆய்கூடத்திலே தயாரிக்கப்பட்ட அல்ஸ்ரர்போலோன் என்னும் பொருளிலே ஐதராக்களை இரண்டு நாள் வைத்தனர். அவற்றின் உடற்குழாய் முழுவதிலும், இருக்கக்கூடாத இடங்களிலெல்லாம் பரிசக்கொம்புகள் முளைத்தன. அவ்வுடலிலிருந்து எத்துண்டை எடுத்து வேறோர் ஐதராவிலே ஒட்டினாலும், எதெல் பிறவுண் ஒட்டிய வாய்த்துண்டைப் போல அது புதிய தலையைத் தோற்றுவிக்கும் ஆற்றல் பெற்றிருந்தது. உடல் முழுவதும் 'நானே தலை' என்று எண்ணத் தொடங்கிவிட்டது.

ஆனால் பிளனேரியாவிடம் சென்றபோது கதை தலைகீழாயிற்று. 2008இல் வெவ்வேறு ஆய்வுக் குழுவினர், பீற்றா கற்றெனின் உண்டாவதை ஆர்.என்.ஏ. என்னும் பொருளைக் கொடுத்து நிறுத்தினர். வாலை இழந்த புழு வாலுக்குப் பதிலாக அவ்விடத்திலும் ஒரு தலையை வளர்த்தது. ஐதராவிலே அச்செய்தி மிகுந்தால் தலை. பிளனேரியாவிலே அச்செய்தி குறைந்தால் தலை. செய்தி ஒன்றே, பொருள் வேறு. நம்மிடையே கோயிற் பூசையிலும் சங்கு ஒலிக்கின்றது, இறுதி ஊர்வலத்திலும் சங்கு ஒலிக்கின்றது. ஒலியின் பொருளைக் கேட்கும் இடமே தீர்மானிக்கின்றது. அவ்வாறே உயிர்களிலும் தூது செல்லும் பொருள் பழையது, பொதுவானது. அதைப் படித்து நடக்கும் கலங்களின் வரலாறே பொருளைத் தருகின்றது. பின்னர் 2013இல், இயல்பாகப் பின்னுடலிலிருந்து தலை வளர்க்க இயலாத சில தட்டைப்புழு இனங்களிலும், இதே செய்தியைத் தணித்தவுடன் தலை முளைத்தது. இழந்ததை மீள வளர்க்கும் ஆற்றல் அங்கே அற்றுப்போகவில்லை, தடைப்பட்டே கிடந்தது.

நேயர்களே, இவ்வளவும் குளத்துப் புழுவின் கதைதானே, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். நமக்கு இருக்கும் தொடர்பை இனிக் கூறுகின்றேன்.

இதே தூதுப் பொருள்கள் மனித முளையத்திலும் தொழிற்படுகின்றன. அமெரிக்காவிலே ஐடாகோ மாநிலத்தில் 1950களிலே, நெற்றி நடுவே ஒரே கண்ணுடைய ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. அரசாங்க ஆராய்ச்சியாளர் பல ஆண்டுகள் தேடி, சினையாடுகள் மலைச்சரிவிலே மேய்ந்த ஒரு காட்டுச் செடியே காரணம் எனக் கண்டனர். சினைப்பட்ட 14ஆம் நாளையொட்டி அச்செடியைத் தின்ற ஆடுகளின் குட்டிகளே இவ்வாறு பிறந்தன. தாயாட்டுக்கோ பெருந்தீங்கு இல்லை. அச்செடியிலுள்ள பொருளுக்குச் சைக்கிளோப்பமீன் என்று பெயரிட்டனர். முகத்தின் நடுக்கோட்டை வகுக்கும் ஒரு தூதுவழியை அது அடைத்துவிடுகின்றது என்பது 1998இல் தெரியவந்தது. அதே தூதுவழி வளர்ந்தவர்களிலே கட்டுமீறி விழித்துக்கொண்டால் ஒருவகைத் தோற்புற்றுநோய் உண்டாகின்றது. அவ்வழியை அடைக்கும் மருந்தொன்று 2012இல் அமெரிக்காவிலே அங்கீகாரம் பெற்றது. ஒருவருக்கு உயிர்காக்கும் மருந்து, வயிற்றிலுள்ள சிசுவுக்கு உருவழிக்கும் நஞ்சாகும். ஆகவே கருவுற்றோர் அம்மருந்தை உட்கொள்ளல் ஆகாது.

மனிதரிடையே இந்த உண்மை பேரவலமாகவே வெளிப்பட்டது. 1957இல் மேற்கு ஜேர்மனியிலே விற்பனைக்கு வந்த தலிடோமைட்டு என்னும் தூக்க மருந்து, கருவுற்ற பெண்களின் காலை மசக்கைக்கும் நல்லதென்று வழங்கப்பட்டது. ஜேர்மனியிலே லென்ஸ், அவுஸ்திரேலியாவிலே மக்பிறைட் ஆகிய வைத்தியர்கள் எச்சரித்து, 1961 நவம்பரில் அது மீளப்பெறப்படுமுன், பல நாடுகளிலே பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் குறுகிய கைகால்களோடும் வேறு குறைபாடுகளோடும் பிறந்துவிட்டன. கருத்தரித்து ஏறத்தாழ 20ஆம் நாளுக்கும் 36ஆம் நாளுக்கும் இடைப்பட்ட சில நாள்களிலே உட்கொண்டதே பெருந்தீங்கை விளைத்தது. பல பெண்கள் தாம் கருவுற்றிருப்பதை உறுதியாக அறியாத நாள்கள் அவை. அம்மருந்து எந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்கின்றது என்பது 2010இலேயே யப்பானிய அறிஞரால் அறியப்பட்டது.

வளர்ந்த உடலுக்குத் தீங்கு செய்யாத பொருள், அமைந்துகொண்டிருக்கும் உடலுக்குத் தீங்கு செய்யக்கூடும் என்பதே இதனால் நாம் பெறும் பாடம். இப்பாடத்தை ஐதராவிடமே ஒப்புவித்துப் பார்த்தவர்களும் உண்டு. 1980களையொட்டி அமெரிக்காவிலே மார்ஷல் ஜோன்சன் என்பவர், முழு வளர்ச்சி பெற்ற ஐதராக்களை ஒரு கிண்ணத்திலும், தனிக்கலங்களாகப் பிரிக்கப்பட்டு மீண்டும் ஒன்றுசேர்ந்து புதிய ஐதராவாக உருவெடுத்துக்கொண்டிருக்கும் கலத்திரளை மற்றொரு கிண்ணத்திலும் வைத்து, ஒரே பொருளை இரண்டுக்கும் கொடுத்தார். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவிலே பாதிக்கப்பட்டால் அது பொதுவான நஞ்சு. முழு ஐதராவைத் தாக்காத சிறிய அளவே உருவெடுக்கும் திரளைத் தாக்குமாயின், அப்பொருள் கருவுக்குக் குறிப்பாக ஆபத்தானது என ஐயுறவேண்டும். ஐதராவுக்குச் சூல்வித்தகம் இல்லை, ஈரல் இல்லை, ஆகவே அதன் தீர்ப்பே முடிவான தீர்ப்பாகாது. பாலூட்டிகளிலே சோதித்தே மருந்துகள் அனுமதிக்கப்படுகின்றன. எனினும், எதை முதலில் ஐயுறவேண்டும் என்று சுட்டிக்காட்ட இத்தகைய எளிய பிராணிகள் உதவக்கூடும்.

இவ்வகை ஆராய்ச்சியின் ஒழுக்கமுறையையும் ஒரு சொல்லிலே கூறிவிடுகின்றேன். நல்ல ஆராய்ச்சியாளர் ஒரு பொருளை ஒரே அளவிலே கொடுத்து முடிவு கட்டுவதில்லை. கூட்டியும் குறைத்தும் கொடுப்பர். ஒரே நேரத்திலே கொடுப்பதில்லை. எந்த மணிநேரத்திலே கொடுத்தால் மாற்றம் உண்டாகின்றது என்று தேடுவர். கழுவி எடுத்தபின் உடல் பழைய நிலைக்குத் திரும்புகின்றதா என்று பார்ப்பர். அதே இலக்கைத் தாக்கும் வேறொரு பொருளும் அதே விளைவைத் தருகின்றதா என்றும், பரம்பரையலகு வழியாகத் தடுத்தாலும் அவ்வாறே நிகழ்கின்றதா என்றும் சோதிப்பர். இலிதியத்தின் புதிர் அவிழ நூறாண்டு சென்றதற்கு ஒரு காரணம், அது ஒன்றுக்கு மேற்பட்ட நொதியங்களைத் தாக்குவதே. பல கதவுகளைத் திறக்கும் திறப்பைக் கொண்டு, எந்தக் கதவின் வழியே கள்வன் நுழைந்தான் என்று சொல்வது எளிதன்று.

இலிதியத்தைப் பற்றிப் பேசியமையால் ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். இதைக் கேட்டுக்கொண்டிருப்போரில் எவரேனும் வைத்தியரின் ஆலோசனைப்படி அம்மருந்தை உட்கொள்பவராயின், இப்பேச்சைக் கேட்டுத் தாமாக அதை நிறுத்திவிடலாகாது. திடீரென நிறுத்துவதும் ஆபத்தே. குழந்தைப்பேற்றை விரும்பும் பெண்கள் அதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லி அவர் சொற்படி நடத்தல் வேண்டும். எந்த மருந்தாயினும், நாட்டு மருந்தாயினும், கருவுற்ற காலத்திலே கேட்டறிந்தே உட்கொள்ளல் வேண்டும். செடியிலிருந்து வந்ததென்பதால் ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது என்பதற்கு ஐடாகோ ஆடுகளும் நமது கார்த்திகைக் கிழங்குமே சாட்சி.

முட்டைக்குள்ளே குட்டி மனிதன் குந்தியிருக்கவில்லை. கலங்கள் ஒன்றோடொன்று இரசாயன மொழியிலே பேசிக்கொள்கின்றன. அப்பேச்சிலிருந்தே தலையும் காலும் அமைகின்றன. கடல் நீரிலே இட்ட ஒரு சிட்டிகை உப்பினால் அப்பேச்சுக் குழம்பியது. குழம்பியதனாலேயே அப்படியொரு பேச்சு உண்டென்பது நமக்குத் தெரியவந்தது. அதனைத் தெரிந்துகொண்ட பின்னர், பிறக்கப்போகும் குழந்தையின் கலங்கள் தம் பேச்சை இடையூறின்றிப் பேசி முடிக்க வழிவிடுவது நம் எல்லோருடைய கடமையுமாகின்றது.